முன்கூட்டியே சொன்ன ஸ்தோத்திரம்

அண்ணன், நீங்கள் ஆண்டவரின் பெயரைச் சொல்லி என் வீட்டைப் பறிக்கப் பார்த்தீர்கள். இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு: வீடு பெண்ணுக்குத்தான். மூத்தவள் கலியாணம் முடித்தால் தாயின் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பையோடு அங்கே வந்து குடியேறுவார். பெற்றோர் பக்கத்து வளவில் இளையவளுக்கு இன்னொரு வீடு கட்டத் தொடங்குவார்கள். அப்படித்தான் நான் வீட்டுக்காரி ஆனேன். என் புருஷன் வாவியில் மீன் பிடிக்கிறவர். அவர் பிறந்த வீடு அவருடைய தங்கச்சிக்குப் போய்விட்டது. என் வீடும் போனால், பிள்ளைகளோடு நாங்கள் போய் இருக்க மிச்சமிருந்தது அவருடைய தோணி மட்டும்தான்.

என் தங்கச்சியின் வீடு யன்னல் மட்டத்துக்கு எழும்பி அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஊர் படுவான்கரையில், வாவிக்கு மேற்கே. சண்டைக் காலத்தில் பட்டினத்திலிருந்து இந்தப் பக்கம் சீமெந்து கொண்டுவர ஆமிக்காரன் விடமாட்டான். பங்கர் கட்டிவிடுவோமாம். டோர்ச்சுக்குப் பற்றரி கொண்டுவரவும் விடமாட்டான். அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போனபிறகு, கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குள் மரவள்ளி நட்டோம். நன்றாக வளர்ந்தது. மரவள்ளிக்கு ஆமிக்காரனின் பாஸ் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. முடிந்த வீடு இருந்தால்தான் கலியாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். அண்ணன் அப்போது வாவிக்கு அந்தப் பக்கம், பெண்சாதியின் ஓட்டு வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கடந்து வந்து எங்கள் சபையில் முன்வரிசையில் இருப்பார். இங்கே அவருக்கு மரியாதை அதிகம். அங்கே மாமியார் இருந்தார்.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. கேட்டது கிடைக்க முன்னமே, கிடைத்துவிட்டதாக எழும்பி நின்று நன்றி சொல்ல வேண்டும். அதுதான் விசுவாசம். காணாமல் போன மாட்டுக்கும் சொல்வார்கள், வெளிநாட்டு விசாவுக்கும் சொல்வார்கள். மாடு வராவிட்டால் அதைப்பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

அண்ணன் எழும்பினார்.

"என்ட பெரிய தங்கச்சி தான் இருக்கிற வீட்ட சின்னவளுக்கு மனசார எழுதிக் குடுக்கிறாள். ஆண்டவர் என்னோட பேசினார். ஸ்தோத்திரம்!"

"அல்லேலூயா!" என்றது சபை.

நான் மகனின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இவ்வளவு தாராள மனசு இருப்பது அப்போதுதான் எனக்கே தெரியவந்தது.

கூட்டம் முடிந்ததும் பெண்கள் வந்து கையைப் பிடித்தார்கள். ஒருத்தி, "உனக்குப் பரலோகத்தில பெரிய வீடு இருக்குகா" என்றாள்.

"அதுக்குச் சீமெந்து விடுறாங்களாமா?" என்று கேட்டேன். கையை விட்டுவிட்டாள்.

அண்ணனை வாசலில் பிடித்தேன். "ஏன் அண்ணன், என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாந்தானே?"

"ஆண்டவர் சொன்னத உன்னட்ட என்னத்தக் கேக்கிற? அவிசுவாசம் பேசாத. நாளைக்கு மாப்பிள்ளட தாய் வீடு பாக்க வாறா. முத்தத்தக் கூட்டி வை."

"ஆண்டவருக்கு என்ட வீட்டு வழியும் தெரியுந்தானே. உங்களோட பேசி முடிஞ்சா இஞ்சையும் ஒருக்கா வரச் சொல்லுங்க."

அவர் தோணிக்குப் போய்விட்டார். வீட்டில் என் புருஷன், "எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டார், இனி எப்பிடி இல்லயெண்டிற?" என்று கேட்டுவிட்டுக் கிழிந்த வலையைப் பொத்தப் போனார். அவருக்குச் சண்டை பிடிக்காது. நாடே சண்டை பிடித்த காலத்தில் எனக்கு வாய்த்தது இப்படி ஒருவர்.

அன்று பின்னேரம் மரவள்ளிக்குள் போய் நின்று ஆண்டவரைத் தாறுமாறாகப் பேசினேன். அதை ஜெபம் என்று சொன்னால் சபையார் காதைப் பொத்துவார்கள். நீர் சொன்னீரா? சொன்னால் என்னிடம் சொல்ல உமக்கு வாய் இல்லையா? என் பிள்ளைகளை எங்கே படுக்கவைக்க? தூரத்தில் ஷெல் விழுந்த சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை.

பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் நான் கத்தி முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரிந்தது, எப்படியென்று கேட்காதீர்கள். அவிசுவாசம் என்று இடையில் அதட்டவில்லை, எழும்பி வெளியே போ என்று சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுக்க என்னிடம் அப்படி நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். பிறக்க இடமில்லாமல் மாட்டுக்கொட்டிலுக்குப் போனவர், என் பிள்ளைகளை வீட்டைவிட்டு இறக்கச் சொல்வாரா? அவருக்கென்ன விசரா? அப்படி நினைத்ததும் நெஞ்சில் ஏறி இருந்த பாரம் இறங்கியது. சிரிப்பும் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கிழங்கு கிண்டிக்கொண்டிருந்த தங்கச்சி எட்டிப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அக்கா, அண்ணன் என்னட்டையும் கேக்கல்ல."

"உனக்கு அந்தப் பொடியன் விருப்பமா?"

"விருப்பந்தான். உன்னத் துரத்திப்போட்டுக் கட்டுற அளவுக்கு இல்ல."

கூடம் வரவேண்டிய இடத்தில் இரண்டுபேரும் முழங்காலில் நின்றோம். அவள் அழுதாள். நான் அவளுக்காகக் கேட்டேன். முன்கூட்டியே நன்றி சொல்லவில்லை, வெறுமனே கேட்டேன்.

அடுத்த நாள் மாப்பிள்ளையின் தாய் வந்தா. கிணற்றை எட்டிப் பார்த்தா, கதவுகளைத் தட்டிப் பார்த்தா. "தண்ணி உவரோ?" என்று கேட்டா.

தங்கச்சி தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, "இது அக்காட வீடு மாமி. என்ட வீடு அங்கால, மரவள்ளிக்குள்ள நிக்குது. அதையும் ஒருக்காப் பாருங்க" என்றாள்.

அந்த மனுசி தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனா. மறுகா வரவில்லை.

ஆண்டவரின் திட்டத்தை என் கல்நெஞ்சு கெடுத்துவிட்டது என்று அண்ணன் சபையில் கண்ணீர்விட்டார். அதற்கும் ஆமென் சொன்னார்கள். சமாதான காலத்தில் சீமெந்து வந்தது, தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை ஏறியது. வேறு ஒருவர் அவளைக் கட்டினார். ஆனால் இன்றைக்கும் சபையில் சிலருக்கு நான் கடவுளுக்கே இல்லையென்று சொன்னவள். நீங்கள் இன்றைக்கும் முன்வரிசையில்.

என் வீட்டுக்கு வந்து, மெதுவாக, என் காதுக்கு மட்டும் சொல்லும் சமாதானம் எனக்கு வேண்டாம், அண்ணன். நீங்கள் சொன்னது சபையில். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் எழும்பி நின்று, எல்லாருக்கும் கேட்கப் பதில் சொல்லுங்கள்: அன்றைக்கு ஆண்டவர் உங்களோடு பேசினாரா, இல்லையா?