லாரிக்கு முன்னால் ஓட்டைக் குடம்

எலும்புக்குப் போ என்று அனுப்பினால் கிட்னியில் போய் உட்கார்ந்துகொள்ளும் பெப்டைடு என்ற ஒரு புரதத் துணுக்கோடுதான் மூன்று வருடம் மல்லுக்கட்டினேன். கதிரியக்கம் ஏற்றி எலிக்கு ஊசி போட்டுப் படம் எடுத்தால், அது சேர்ந்த இடம் கறுப்பாக விழும்; எலும்பு மங்கலாகவும் கிட்னி இரண்டும் கரிக்கட்டையாகவும் தெரியும். அவ்வளவு கதிர் பட்டால் கிட்னி கெட்டுவிடும். அதைத் தடுக்க, கிட்னியில் பெப்டைடு ஒட்டும் அதே இடங்களில் ஒட்டக்கூடிய லைசின் என்ற அமினோ அமிலம் கொடுத்தும் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. அடுத்த படமும் இப்படியே வந்தால் ஆராய்ச்சித் தலைப்பை மாற்றிவிடலாம் என்றார் பேராசிரியர். மூன்று வருடம் போச்சே என்று எம்.கே.பி. நகர் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். தண்ணீர் லாரிக்கு என்னைத் துரத்தினாள். இரண்டு குடத்தோடு நான் சாவகாசமாக இறங்கியபோது லாரி வந்துவிட்டிருந்தது. எனக்கு முன்னால் எதிர்வீட்டு அக்காவின் வரிசை: ஓட்டைக் குடம், பெயிண்ட் டப்பா, உடைந்த வாளி, ஒரு செங்கல். நல்ல குடங்களை அப்போதுதான் மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செங்கல்லில் எப்படித் தண்ணீர் பிடிப்பாய் என்று சண்டைக்குப் போனேன்.

"லாரி வந்தப்புறம் குடம் எடுத்தாந்து நியாயம் பேசுறியா? எடம் புடிக்க ஓட்டைக் குடம் போதும்மே. ஆனா லாரிக்கு முன்னாடி வெக்கணும்."

லைசினை நான் எப்போது கொடுத்தேன்? பெப்டைடு ஏற்றி அரை மணி கழித்து. கிட்னியில் இருந்த இடத்தையெல்லாம் பெப்டைடு பிடித்து முடித்த பிறகு! படித்த மண்டைக்கு இது உறைக்கவில்லையே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. என் முறை வருவதற்குள் லாரி காலி. வெறுங்குடத்தோடு சிரித்துக்கொண்டே வீடு வந்தவளைப் பார்த்து, காய்ச்சல் உனக்கா எனக்கா என்று கேட்டாள் அம்மா.

அடுத்த எலிக்கு லைசினை முதலில் கொடுத்தேன். பெப்டைடைப் பிறகு விட்டேன். படத்தில் முதுகெலும்பு கண்ணி கண்ணியாகத் தெரிந்தது, கிட்னி வெறும் நிழல். பேராசிரியர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தலைப்பு இருக்கட்டும் என்றார். எப்படித் தோன்றியது என்றும் கேட்டார். ஓட்டைக் குடம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நிறையப் படித்தேன் சார் என்று புளுகினேன்.

அந்தப் பாவம் தீர அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"அப்ப உன் மருந்து, அன்னிக்கி நீ நின்னாப்புல எடமில்லாம நின்னுச்சா?"

ஆமாம், பேசாமல் மூத்திரத்தோடு வெளியே போய்விட்டது என்றேன்.

"பரவால்லயே. உன்னாட்டம் சண்டை போடாம போய்கீது."