இறுகிய அரைஞாண் கயிறு

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதம். திருவண்ணாமலையில் பெரிய கோயிலுக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் குடியிருந்தோம். என் மகளுக்கு ஒரு வயது ஆகப்போகிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆறு மாதக் குழந்தை போலத்தான் இருப்பாள்.

பிறவியிலேயே அவள் இதயத்தில் ஓட்டை. ஆபரேஷன் செய்யலாம், ஆனால் கொஞ்சம் எடை ஏறட்டும் என்று மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார் சென்னை டாக்டர். சொல்வது சுலபம். பால் குடிப்பதே அவளுக்கு மலையேறுகிற மாதிரி. நாலு வாய் உறிஞ்சுவதற்குள் மூச்சு வாங்கும், நெற்றியெல்லாம் வியர்க்கும், அப்படியே அசந்து தூங்கிவிடுவாள். கேழ்வரகுக் கஞ்சியில் நெய் விட்டு விரலால் நாக்கில் தடவுவேன். ஒரு வேளை ஊட்டி முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். தூங்குகிறவளின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே என் பிழைப்பாகிப் போனது.

வீட்டில் தராசு ஏது? அவள் இடுப்பில் கட்டிய அரைஞாண் கயிறுதான் எனக்குத் தராசு. குளிப்பாட்டும்போதெல்லாம் அதற்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். தொளதொளவென்று நழுவிக்கொண்டே இருக்கும். சதை பிடித்து இது இறுகினால் தீபத் திருவிழாவில் கரும்புத் தொட்டில் எடுக்கிறேன் என்று அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டேன். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, அதில் பிள்ளையைப் படுக்க வைத்து, தாயும் தகப்பனும் தோளில் சுமந்து மாட வீதி சுற்றுவது எங்கள் ஊர் வழக்கம்.

திருவிழாவுக்குக் கொடியேறிய சமயம். மழையில் அவளுக்குச் சளி பிடித்திருந்தது. ஒருநாள் குளிப்பாட்டும்போது கயிற்றுக்குள் என் விரல் போகவில்லை. வயிற்றில் அது தடம் பதிந்து கிடந்தது. கன்னமும் உப்பியிருந்தது. சந்தோஷத்தில் ஓவென்று அழுதுவிட்டேன். அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு, அவர்கள் கண் பட்டுவிடப் போகிறதே என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். பழைய கயிற்றை அறுத்துவிட்டு நீளமாகப் புதுக்கயிறு கட்டினேன்.

என் கணவர் மட்டும், "பாலே சரியா எறங்கல, சதை எங்கேர்ந்து போடும்?" என்றார். நல்ல நாளில் அபசகுனமாகப் பேசாதீங்க என்று அவர் வாயை அடைத்தேன்.

பெரிய தேர் அன்று தொட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். பாதி வீதியில் கூட்டம் நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் இன்னொரு கரும்புத் தொட்டில். அதைச் சுமந்து வந்த பெண், கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரி, திரும்பி எங்கள் தூளிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த நிமிஷம் அவள் சிரிப்பு நின்றது. சட்டையை விலக்கி வயிற்றைப் பார்த்தாள். குச்சி மாதிரி இருந்த கையைப் பிடித்துப் பார்த்தாள். புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது.

"எம்மா, இது சதை இல்ல. ஒடம்புல நீர் கோத்துக்கினு கீது. எம் மூத்த புள்ளைக்கும் இப்பிடித்தான் கயிறு இறுகுச்சி. புள்ள தேறிடுச்சினு நாங்களும் பொங்க வெச்சோம்."

அதற்குமேல் அவள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

முன்னால் பார்த்தாலும் ஜனம், பின்னால் பார்த்தாலும் ஜனம். அந்தப் பெண் தன் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சுற்றி முடிக்காமல் தொட்டிலைப் பிரிக்கக்கூடாது என்பார்கள். அவள் புருஷன் தயங்கவே இல்லை. தன் தொட்டில் கரும்பை உருவிக் குறுக்கே பிடித்து, "புள்ளைக்கு முடியல, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். மகளைத் தூளியிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நானும் என் கணவரும் பின்னால் ஓடினோம். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. சுற்றிலும் அரோகரா சத்தம். அவள் மூச்சு என் காதில் விழவே இல்லை. என் கையிலேயே போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டுத்தான் அவர்கள் திரும்பினார்கள். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. இதயம் திணறுவதால் ஈரல் வீங்கி, உடம்பெல்லாம் நீர் சேர்ந்திருக்கிறது, தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். ஊசி, ஆக்சிஜன் என்று கழிந்த நாட்களில் அந்தப் புதுக்கயிறு மறுபடி தளர்ந்து நழுவியது. அதைப் பார்த்தும் சந்தோஷத்தில்தான் அழுதேன். எடைக்காக இனி காத்திருக்க முடியாது என்று சென்னையில் ஆபரேஷனும் ஆயிற்று. அதற்குப் பிறகு அவளுக்கு வந்த பசி இருக்கிறதே, தட்டையும் சேர்த்துத் தின்றுவிடுவாளோ என்று கேலி செய்வோம்.

இன்றைக்கு, உடம்பு போட்டுவிட்டது என்று சோற்றைக் குறைக்கிறாள் என் மகள். அவள் கால் நீட்டி உட்கார்ந்தால் என் கட்டைவிரல் தானாகப் போய் புறங்காலை அழுத்தும். "ஆரம்பிச்சிட்டியாம்மா" என்று சலித்துக்கொள்வாள். பள்ளம் விழாமல் சதை எழுந்து நிற்கும். எனக்கோ, அந்தப் பெண் பாதியில் நிறுத்திய மூத்த பிள்ளையின் கதை நினைவுக்கு வந்து, அந்தப் பிள்ளையின் ஆயுசையும் சேர்த்துத்தான் என் மகள் வாழ்கிறாள் என்று தோன்றும்.