முந்திச் சொன்ன சாட்சி

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தபோது அப்பா எழுந்து வெளியே போனதை நீங்கள் இரண்டு பேரும் பார்த்தீர்கள். தம்பி காய்ச்சல் விட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிறு அது. ரத்த அணு குறைந்துகொண்டே போகிறது என்று விருதுநகரில் டாக்டர் சொன்ன நாளெல்லாம் நம் சபையே அவனுக்காக முழங்காலில் நின்றது. பிள்ளை பிழைத்து வந்தால் தகப்பன் எழுந்து ஒரு வார்த்தை நன்றி சொல்வதுதான் முறை. ஆராதனை நடத்துகிற உபதேசியாரும் என்னைத்தான் பார்த்தார். நான் செருப்புகூட மாட்டாமல் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பா, நீ கேட்டாய். "தம்பி பிழைச்சதுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்ல உங்களுக்கு வாய் வரலையாப்பா? ஆண்டவர் மேல நம்பிக்கை இருக்கா, இல்லையா?" நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எட்டாங்கிளாஸோடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். வாயால் சொல்ல வராதது எழுத்தில் மட்டும் வந்துவிடுமா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் அம்மாவைப் பற்றி எழுதினால்தான் உங்களுக்கு இது விளங்கும்.

உங்கள் அம்மா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னினாள். சின்னச் சின்ன வெடிகளைத் திரியோடு திரி சேர்த்து மாலை மாதிரிப் பின்னுகிற வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஹார்ன் அடிக்கும்போதுதான் அவளுக்கு ஜெபம் பண்ண நேரம் கிடைக்கும். வாசல்படியில் நின்று கொண்டையை முடிந்துகொண்டே நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஓடுவாள். இது என்ன ஜெபம் என்று நான் கேலி பண்ணினால், "நீட்டி முழக்குனா வேன் போயிரும். நான் சரம் பின்ற பொம்பளைன்னு அவருக்குத் தெரியாதாக்கும்?" என்பாள். வேனுக்குள் இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். "ஏட்டி, எங்களுக்கும் சேத்துச் சொல்லிட்டியா?" என்று ஒருத்தி கத்துவாள். "உனக்குத் தனியாத்தான் சொல்லணும், அம்புட்டு இருக்கு" என்று இவள் ஏறுவாள். அந்தச் சிரிப்போடுதான் வேன் திரும்பும்.

தம்பி கைக்குழந்தையாக இருந்த வருசம், பங்குனி வெயில். நான் சிவகாசியில் லாரி செட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். தூரத்தில் சத்தம் கேட்டது. நம் பக்கத்து ஆட்கள் அந்தச் சத்தம் கேட்டால் என்ன என்று கேட்க மாட்டார்கள். புகை எந்தத் திசையில் என்றுதான் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். எல்லாரும் செல்போனை எடுத்தார்கள். அவளுக்கு நான் போட்டுக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

வெடிமருந்து கலக்குகிற ரூமில் பிடித்த தீ, இவர்கள் சரம் பின்னுகிற செட்டுக்குத் தாவியிருக்கிறது. அம்மாவை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் கொசுவலைக்குள் படுக்கவைத்திருந்தார்கள். கழுத்துக்குக் கீழே நான் பார்க்கவில்லை, பார்க்கவும் விடவில்லை. முகம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த முகம்தான் என்னை ஏமாற்றியது. நாலைந்து நாளில் நன்றாகப் பேசினாள். கஞ்சி குடித்தாள். "பாப்பாவுக்குத் தலைக்கு எண்ணெய் வச்சீகளா? சின்னவன் பால் குடிச்சானா?" என்று என்னை அதட்டினாள். நர்சம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தீக்காயம் மொதல்ல இப்படித்தாண்ணே, நல்லாப் பேசுவாங்க. இன்னும் கொஞ்சநாள் போகட்டும்" என்றது. நான் அதைக் காதில் வாங்கவில்லை. சாகிறவள் எண்ணெய் வைத்தாயா என்று கேட்பாளா?

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க ஊருக்கு வந்தேன். நேரே நம் சபைக் கோயிலுக்குப் போனேன். சாட்சி நேரம் வந்ததும் நான்தான் முதலில் எழுந்தேன். "என் மனைவியை ஆண்டவர் தீயிலிருந்து எடுத்துத் தந்துவிட்டார். ஆபத்து நீங்கிவிட்டது" என்றேன். கோயிலே கைதட்டியது. பாப்பா, நீ அத்தை மடியில் உட்கார்ந்து கைதட்டினாய், எல்லாரும் நிறுத்தின பிறகும் தட்டினாய். உங்கள் அத்தை அன்று கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள்.

சாயங்காலம் மதுரைக்குத் திரும்பிப் போய், சந்தோசமாகச் சொல்கிறேன் என்று இதை அவளிடம் சொன்னேன். வலைக்குள்ளே தலையை என் பக்கம் திருப்பினாள்.

"அதுக்குள்ள ஏங்க சொன்னீக?"

"ஏன், சொன்னா என்ன?"

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஆண்டவரப் பொய்க்காரர் ஆக்கிருவீகளா?"

"வாயக் கழுவு" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்தது எங்கோ வலித்து, கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே சொன்னாள். "இன்னைக்கு உசிரோட இருக்கேன்ல, அதச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு உள்ளத அவரே பாத்துக்கிடட்டும். பிழைச்சாலும் அவரு பிள்ளதான், இல்லாட்டாலும் அவரு பிள்ளதான். நீங்க என்னத்துக்கு முந்திக்கிட்டு?"

அதற்குப் பிறகு அவள் தெளிவாகப் பேசிய நாள் அதிகமில்லை. குளிர்காய்ச்சல் வந்தது. கிட்னி நின்றுவிட்டது என்றார்கள். நான் வெளியே டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் போய்விட்டாள்.

எனக்குக் கைதட்டிய அதே ஆட்கள்தான் வந்து குழி வெட்டினார்கள். ஒருத்தரும் அந்தச் சாட்சியைப் பற்றி வாய் திறக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும் விசுவாசம் குறைந்திருக்கலாம் என்று ஆரம்பித்தார். "வாய மூடிக்கிட்டுப் போறீகளா" என்று அத்தை அவரைத் துரத்தினாள். இது ஏன் இப்படி ஆச்சு என்று உபதேசியாரிடம் கேட்டேன். அவர் ஜெபப் புத்தகத்தை மூடி, "எனக்குத் தெரியலப்பா" என்று சொல்லி என்னோடு மண்ணில் உட்கார்ந்தார். மற்ற எவர் சொன்னதும் எனக்கு ஞாபகமில்லை. அது மட்டும் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. உங்களையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். ஆனால் ஆண்டவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை குறைந்துவிட்டது. கோபித்துக்கொண்ட புருசனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருந்து, பேசாமலே சோறு போட்டுச் சாப்பிடுவார்களே, அப்படி. வீட்டை விட்டுப் போகவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. எங்கே போவேன்? எனக்கு அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. நம்பிக்கை என்று நீ கேட்டாயே பாப்பா, என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

சாட்சி சொல்ல மட்டும் பயம். நான் நன்றி என்று வாயைத் திறந்தால், கொடுத்ததை அவர் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்று ஒரு பயம். இப்படி நினைப்பது தப்பு என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? தம்பி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அவன் அறியாமல் அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அப்படிப்பட்டவன் எப்படிச் சபை முன்னால் நின்று அவன் பிழைத்துவிட்டான் என்று சொல்வேன்? நீ மறுபடியும் கைதட்டுவாய். அதுதான் என்னால் தாங்க முடியாது.

நேற்று சாயங்காலம் உபதேசியாரிடம் கோயில் சாவி கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. உள்ளே ஒருத்தரும் இல்லை. ஆண்கள் பக்கத்தில் நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் எழுந்து நின்றேன்.

"பையனுக்குக் காய்ச்சல் விட்டுருக்கு. இன்னைக்கு நல்லாருக்கான். நாளைக்கு எனக்குத் தெரியாது" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பிறகு, "அவள ஏன் எடுத்துக்கிட்டீருன்னு எனக்கு இன்னும் தெரியல. அதையும் உம்மகிட்டதான் கேக்கணும், வேற யாருகிட்ட கேக்க?" என்றேன்.

ஒருவர் சாட்சி சொல்லி முடித்தால் சபையார் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்வார்கள். நேற்று அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. நான் பெண்கள் பக்கம் நடந்துபோனேன். ஜன்னலோரம், உங்களை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்காரும் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து, அவளுக்காக, "ஸ்தோத்திரம்" என்று மெதுவாகச் சொன்னேன்.