நோட்டு சார்

குழந்தைகள் பஸ்ஸில் ஏறும்போது டிரைவர் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் படுவது ஷூதான். பையும் தண்ணீர் பாட்டிலும் தூக்கம் கலையாத முகமும் அதற்குப் பின்னால்தான் வரும். "லேஸ் அவுந்திருக்கு பாரு, கட்டிட்டு ஏறு" என்று ஒரு வாண்டை அதட்டிக்கொண்டே மனசுக்குள் எண்ணுகிறார்: பதினேழு. அடுத்த நிறுத்தத்தில் பதினெட்டு, பத்தொன்பது. கடைசி நிறுத்தம் வரும்போது நாற்பத்தொரு குழந்தைகளில் இருபத்து நாலு பேர் காலில் ஒரே கம்பெனி ஷூ. சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் 24 என்று எழுதிக்கொள்கிறார். விளக்கு பச்சையாகி, பின்னாலிருக்கும் கார்க்காரர் ஹாரனைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். "வரேன் சாமி, பறக்கவா முடியும்?" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு கியரைப் போடுகிறார்.

ஐம்பத்திரண்டு வயது. அதில் பாதி ஸ்டீயரிங்கோடு போயிற்று. காலை எட்டரைக்குக் குழந்தைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால் திரும்ப ஏற்ற மூன்றரை ஆகும். நடுவில் ஏழு மணி நேரம் பஸ் பள்ளிக்குப் பின்னால் காலி இடத்தில் நிற்கும். மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள், பள்ளி நிர்வாகத்தைத் திட்டுவார்கள். இவருக்குச் சீட்டாட்டம் வராது, பகலில் தூக்கமும் வராது, திட்டுவதற்குக் கூச்சம். பங்குச் சந்தை ஒன்பதேகாலுக்குத் திறந்து மூன்றரைக்கு மூடுகிறது என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, பள்ளிக்கூட பஸ் டிரைவர்களை மனசில் வைத்தே யாரோ நேரம் குறித்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

ஆக, இரண்டு வருஷமாக பஸ்ஸின் மூன்றாவது வரிசை ஜன்னல் ஓரம்தான் அவருடைய ஆபீஸ். குழந்தைகளுக்காகப் போட்ட சீட், முழங்கால் முன் சீட்டில் இடிக்கும். ஒரு கையில் போன், மடியில் நீளமான நோட்டு. அந்த நோட்டுகூட அவர் வாங்கியதில்லை. யாரோ ஒரு குழந்தை வண்டியில் விட்டுவிட்டுப் போனது. "யாரோடது, யாரோடது" என்று ஒரு வாரம் ஏலம் போட்டுப் பார்த்தார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதல் ஏழு பக்கம் வகுத்தல் கணக்கு, எல்லாமே தப்பு, சிவப்பு மையில் பெரிய பெரிய பெருக்கல் குறி. எட்டாவது பக்கத்திலிருந்து நம் டிரைவரின் பங்கு வர்த்தகம் தொடங்குகிறது.

வர்த்தகம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கையில் ஒரு லட்சம் இருப்பதாக வைத்துக்கொண்டார். அந்த இல்லாத லட்சத்தில் இன்ன கம்பெனி, இன்ன விலை, இத்தனை பங்கு என்று எழுதுவார். சந்தை மூடும்போது ஏறியதா இறங்கியதா என்று பக்கத்தில் ஓர் அம்புக்குறி. நிஜப் பங்கு ஒன்றுகூட அவரிடம் கிடையாது. பங்கு வாங்குவதற்கான கணக்கெல்லாம் முறையாகத் திறந்திருக்கிறார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மனைவி தன் சேமிப்பிலிருந்து ஒரு தொகை எடுத்துக் கொடுத்து அதில் போடவும் சொன்னாள். போட்டார். அது போட்டபடியே கிடக்கிறது. வாங்கும் பொத்தான் திரையில் வந்ததும் அவருடைய கட்டைவிரல் வேலைநிறுத்தம் செய்துவிடும்.

"நோட்டுலயே வண்டி ஓட்டித்தான் லைசென்ஸ் வாங்குனீங்களாக்கும்" என்று மனைவி கேட்பாள்.

"கத்துக்கறேன்ல, அவசரப்படாத" என்பார்.

கற்றுக்கொண்டது 'புதுசா வந்தவங்க' என்ற இணையக் குழுவில். அறுநூறு பேர் இருக்கிறார்கள். நடத்துபவர் ஒரு பல் டாக்டர். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் வந்து, "எதை வாங்கலாம்னு யாராவது டிப்ஸ் கேட்டீங்கன்னா மயக்க ஊசி இல்லாம பிடுங்கிடுவேன்" என்று மிரட்டிவிட்டுப் போவார். நம்மவர் சேர்ந்த அன்று போட்ட முதல் கேள்வி இது: "ஷேர் விலை இறங்கிட்டா, குறைஞ்ச பணத்தைக் கட்டச் சொல்லி கம்பெனிக்காரங்க வீட்டுக்கு வருவாங்களா?" குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. பல் டாக்டர்தான் பதில் போட்டார்: "வர மாட்டாங்க. இப்ப சிரிக்கிற அத்தனை பேருக்கும் முதல் வாரம் இதே பயம் இருந்தது, கேட்க வெட்கமா இருந்தது, அவ்வளவுதான்." அந்த ஒரு வார்த்தைக்காக நம்மவர் அந்த மனுஷனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

போனில் தட்டச்சு செய்வது அவருக்குப் பெரும்பாடு. 'லாபம்' என்று அடிப்பதற்குள் லாபம் போய்விடும். அதனால் கேட்க வேண்டியதை நோட்டில் எழுதி, போட்டோ எடுத்துக் குழுவில் போடுவார். முத்து முத்தான கையெழுத்து. கேள்விகள் மெல்ல மெல்லப் பதில்களாக மாறின. நேற்றுச் சேர்ந்த ஒருவர் எதையாவது கேட்டுத் தவித்தால், மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பக்கம் போகும்: 'பதறாதீங்க. எனக்கும் இது புரிய ரெண்டு மாசம் ஆச்சு. இப்படிப் பாருங்க...' யாரோ ஒருவர் அவரை 'நோட்டு சார்' என்று கூப்பிட, பெயர் ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் அவர் டிரைவர் அங்கிள், பள்ளி ஆபீஸில் 'ஏம்ப்பா, ஏழாம் நம்பர்'. பிறந்ததிலிருந்து அவரை சார் என்று கூப்பிட்ட முதல் ஜனங்கள் அந்த அறுநூறு பேர்தான். உச்சி குளிர்ந்து போனது என்று சொன்னால் அதில் தப்பில்லை, யாருக்குத்தான் குளிராது?

வினை அந்த ஷூவில் வந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன், பள்ளி திறந்த வாரத்தில், பஸ்ஸில் ஒன்பது குழந்தைகள் ஒரு புதுக் கம்பெனி ஷூவில் ஏறினார்கள். முந்தின வருஷம் ஒருவர்கூட இல்லை. அந்தக் கம்பெனிப் பங்கை நோட்டில் நூறு வாங்கினார். அதன் பின் அது ஏறுகிறது, ஏறுகிறது, மூன்று மடங்காகியும் நிற்கவில்லை. அந்தப் பக்கத்தைக் குழுவில் போட்டபோது ஒருவர் கேட்டார், "சார், நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்க?" நோட்டில் இருந்த விலையைச் சொன்னார். 'நோட்டில்' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டார். வேண்டுமென்று விட்டாரா, விட்டுப் போயிற்றா என்றால் அவருக்கே தெரியாது. திரையில் கைதட்டும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அடுத்த தடவை சொல்லலாம் என்று தள்ளி வைத்தார், அதற்கடுத்த தடவை இன்னும் கஷ்டமாக இருந்தது.

இதற்கு விலை கொடுக்க வேண்டிய நேரம் போன வாரம் வந்தது. குழுவில் ஒரு பெண் இருக்கிறாள், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். 'லேப்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் வேலை பார்த்த கிளையை மூடிவிட்டார்கள். பதினோரு வருஷத்துக்குச் சேர்த்து ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று மணி வாக்கில் நோட்டு சாருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்:

"சார், நாளைக்கு சந்தை திறந்ததும் மொத்தத்தையும் அந்த ஷூ கம்பெனியிலயே போடப் போறேன். பையன் காலேஜ் பணம்தான், பயமாத்தான் இருக்கு. ஆனா நீங்களே போட்டிருக்கீங்க. அந்தத் தைரியம் போதும் சார்."

குழந்தைகள் ஏறினார்கள், யார் காலையும் அவர் பார்க்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார். "அங்கிள்! அங்கிள்! எங்க வீடு பின்னாடி போயிடுச்சு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது. வண்டியை ஓரம் கட்டி, அந்தக் குழந்தையைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் அதன் அம்மாவிடம் ஒப்படைத்து மன்னிப்பும் கேட்டு வந்தார்.

வண்டியை விட்டுவிட்டு நேராக மனைவியின் கடைக்குத்தான் போனார். அவள் யாருடைய சான்றிதழையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினார். படித்தாள்.

"இன்னும் பதில் போடலியா?"

"வேற கம்பெனியும் பாரும்மான்னு பொதுவா சொல்லிடலாமான்னு..."

"பொதுவாவா? அவ உங்களை நம்பிப் போடறா. அந்தக் கம்பெனியை நம்பி இல்ல. உள்ளதைச் சொல்லுங்க."

"சொன்னா எல்லாம் போயிடும். ரெண்டு வருஷமா சார் சார்னு..."

மனைவி இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "சார்னு கூப்பிடத்தானே ஆள் வேணும்? நான் கூப்பிடறேன். சார், தயவுசெஞ்சு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க சார்."

கடைக்குப் பின்னால் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் நின்று பேசினார். எழுதிப் போட்டோ எடுக்கவில்லை, குரலாகவே அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு மட்டுமில்லை, குழுவுக்கே. "எல்லாருக்கும் வணக்கம். நான் நோட்டு... நான் ஒரு ஸ்கூல் பஸ் டிரைவர். இதுவரைக்கும் ஒரு ஷேர்கூட வாங்கினதில்ல. எல்லாம் நோட்டுல எழுதிப் பார்த்ததுதான். என் பைசா ஒண்ணுகூட அந்த ஷூ கம்பெனியில இல்ல. நீங்க கேட்டப்ப சொல்லியிருக்கணும், சொல்லல. சார்னு கூப்பிட்டது நல்லா இருந்துச்சு, அதான். லேப் அம்மா, தயவுசெஞ்சு என்னை நம்பி எதையும் போட்டுடாதீங்க. டாக்டர் அடிக்கடி சொல்றதையே நானும் சொல்றேன், மொத்தத்தையும் ஒரே இடத்துல போடக்கூடாது. எல்லாரும் மன்னிச்சுக்குங்க."

முதலில் ஒருவர், "ரெண்டு வருஷமா எங்களுக்குக் காது குத்தினீங்களா?" என்று கேட்டார். இன்னும் இரண்டு பேர் அதற்கு ஒத்து ஊதினார்கள். நாலு பேர் குழுவை விட்டே போனார்கள். பல் டாக்டர் வெகு நேரம் கழித்து, "சொல்லாம விட்டது தப்பு. சொன்னதுக்கு நன்றி. கேள்வி பதில் வழக்கம்போல நடக்கட்டும்" என்று மட்டும் போட்டார். லேப் அதைக் கேட்டாளா இல்லையா, தெரியவில்லை. அவளிடமிருந்து ஒரு புள்ளிகூட வரவில்லை. ராத்திரி வீட்டில் நம்மவர் தட்டில் இருந்த சோற்றை அளைந்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் எட்டரைக்குக் கடைசிக் குழந்தை இறங்கிப் பள்ளிக்குள் ஓடியது. வண்டியைக் கொண்டுபோய் வழக்கமான இடத்தில் நிறுத்தினார். மூன்றாவது வரிசைக்குப் போக மனம் வராமல் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். சந்தை திறக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. தெரியாத எண்.

"நான்தான், லேப் பேசறேன்." அவர் அதுவரை கேட்டிராத குரல், கொஞ்சம் கரகரப்பாக. "நீங்க பேசினதை மூணு தடவை கேட்டேன். ரொம்பக் கோபம் வந்துச்சு."

"வரணும்மா. நியாயம்தான்."

"பணத்தை பேங்க்லயே வச்சுட்டேன். அப்புறம் யோசிச்சேன். நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் சந்தை திறந்ததும் மொத்தத்துக்கும் அமுக்கியிருப்பேன்." அவளே தொடர்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் வாங்கிப் பாக்கலாம்னு இருக்கேன்ணா. ஊசி செய்யற கம்பெனி ஒண்ணு. பதினோரு வருஷமா அவங்க ஊசியிலதான் குத்தினேன், ஒரு குழந்தை அழுததில்ல. ஒரு ஷேர், ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் ஆகும். ஆனா அதுக்கே கை வர மாட்டேங்குது."

அண்ணா என்றா சொன்னாள்? ஆமாம், அண்ணா என்றுதான் சொன்னாள்.

"எனக்கு ரெண்டு வருஷமா வரலம்மா" என்றார். "ஒண்ணு செய்வோமா? நீ அந்த ஊசியை எடு, நான் ஷூவுல ஒண்ணு எடுக்கறேன். ஏறினா ஏறட்டும், இறங்கினா இறங்கட்டும். சேர்ந்தே அமுக்குவோம்."

"நிஜமாவாண்ணா?"

"நிஜமா. நோட்டுல இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். ஒன்பதேகால் ஆயிற்று, சந்தை திறந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்தி எண்ணினார்: "ஒண்ணு... ரெண்டு... மூணு."

கட்டைவிரல் அமுக்கியது. என்ஜின் அணைந்து, ஒரு குழந்தைகூட இல்லாமல் அசையாமல் நின்றிருந்த அந்த பஸ்ஸில், அவருடைய வலது கால் பிரேக்கை அடிவரைக்கும் மிதித்துக்கொண்டிருந்தது.