சைபர் காட்டிய ஆறு

சர்வர் அறைக் கதவின் பின்னால் ஒரு நாள் கம்பளிச் சால்வை ஒன்று தொங்கியது. குளிர் எலும்பில் ஏறும் அறை அது. தினமும் நான்தான் துடைப்பேன். யாரோ மறந்து விட்டுப் போனது என்று தொடாமலே இருந்தேன். ஜிந்தனா எனக்காக மாட்டியது என்று காவலாளி சொல்லித்தான் தெரிந்தது.

எங்கள் உபோன் நகரத்து ஆற்று அலுவலகத்தில் அவள் கணினி வேலை பார்த்தாள். ஊரை ஒட்டி ஓடும் மூன் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று போனிலேயே பார்க்க ஒரு இணையப் பக்கம் செய்திருந்தாள். என் தம்பி புன்மா அதைப் பார்த்துத்தான் ஆற்றில் மீன் வளர்க்கும் கூண்டுகளை வெள்ளத்துக்கு முன் கரைக்கு இழுத்துக் கட்டுவான். அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

நாலாவது வரை படித்த எனக்கும் புரிகிற மாதிரி சொல்வாள். “சம்னியாங் அக்கா, இந்தப் பக்கம் ஓடறதுக்கு வேண்டியதெல்லாம் ஒரே கன்டெய்னர்ல, கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பெட்டி மாதிரி, அடைச்சிருக்கேன். மக்கர் பண்ணா தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு ஓட்டலாம். ஆனா ஆத்து அளவெல்லாம் அதுக்குள்ள இருக்கக் கூடாது. வெளியில தனியா இடம் வேணும். இல்லேன்னா அதோட போயிடும்.”

அந்த இடத்துக்கு மேலாளர் விரோட் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கேட்காத வாரம் இல்லை.

“பாங்காக்குல கேக்கணும்மா. என் வேலைக்கு உலை வைக்கிறியா?” என்பார்.

பக்கம் கொஞ்சம் மெதுவானால் போதும், அவரே பழைய கன்டெய்னரைத் தூக்கிப் போட்டுப் புதிதாக ஓட்டிவிடுவார். அளவுகள் போய்விடும். அடுத்த அளவு வரும்வரை பக்கத்தில் சைபர்தான், வெறும் பூஜ்யம்.

“சைபருக்குப் பதிலா ‘அளவு இல்லை’ன்னாவது போடறேன் சார்.”

“அப்படிப் போட்டா மேலிடத்துல கேள்வி வரும். சைபர் இருக்கட்டும்.”

எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் ஊரில் புது வண்டிக்குச் செய்வதுபோல, பிக்குவை அழைத்து சர்வருக்கு வெள்ளைச் சாந்து வைக்கலாம் என்றேன். அதற்கு மட்டும் விரோட் உடனே சம்மதித்தார். பிக்கு வந்து ஓதினார். நான் மனமுருகி வேண்டினேன். ஜிந்தனாவும் கை கூப்பினாள். அவர் போனதும் என் காதில் சொன்னாள்: “அக்கா, சாந்த சர்வருக்கு வெச்சாச்சு. கையெழுத்துப் போடற கைக்கில்ல வெச்சிருக்கணும்!”

சிரித்தேன். வருத்தமும் பட்டேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை, விரோட் மறுபடி கன்டெய்னரைத் தூக்கிப் போட்டார். புன்மா போனைப் பார்த்தான்: சைபர். ஆறு அடங்கிவிட்டது என்று நம்பி, கூண்டுகளை இழுத்துக் கட்டாமல் சந்தைக்குப் போனான். திரும்பி வந்தபோது கூண்டுகளில் ஒன்றுகூட இல்லை, வெள்ளம் அடித்துப் போயிருந்தது.

அலுவலகத்துக்கு வந்து கத்தினான். “சைபரு காட்டிச்சே! என் மீனு எங்கே?”

விரோட் திரையைத் திருப்பிக் காட்டினார். “இப்ப சரியாத்தானேப்பா காட்டுது?”

ஜிந்தனா அந்த வாரமே வேலையை விட்டாள்.

ஊரை விட்டுக் கிளம்பியவளுக்குப் பஸ் நிலையத்தில் ஒட்டரிசிச் சோறு கட்டிக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“அக்கா, தம்பிகிட்ட சொல்லுங்க. சைபர்னு காட்டினா நம்ப வேணாம். நேரா ஆத்தப் போய்ப் பாக்கச் சொல்லுங்க.”