வழுக்குப்பாறைக்கு எத்தனை வழி

செப்டம்பர் பதின்மூன்று, சனிக்கிழமை. விடியற்காலையிலிருந்தே மழை, கொட்டித் தீர்க்கும் மழையல்ல, நின்றுவிட்டதென்று நம்பிக் குடையை மடக்கியவுடன் மறுபடியும் பிடித்துக்கொள்ளும் நசநசத்த மழை.

மறுநாள் மலைப்பாதைச் சைக்கிள் பந்தயம் நடக்கவிருந்த சரிவில், போட்டியாளர்கள் எல்லாரும் கூடாரங்களுக்குள் ஒதுங்கியிருந்தார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி மட்டும் சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு, ஒரு பாறையின்மேல் நீர் எந்தப் பக்கமாக வழிகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நத்தை வெளியே வந்துடுச்சு டோய்! மழை இன்னும் வலுக்கும்!" என்று கூடாரமொன்றிலிருந்து குரல் வந்தது. உள்ளே சிரிப்பலை எழுந்தது.

நத்தை என்பது பந்தயக்காரர்கள் அவளுக்கு இட்ட பெயர். அவள் மெதுவாக ஓட்டுபவள் அல்லள். பந்தயத்துக்கு முதல்நாள் பாதையை நடந்து பார்ப்பது எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் போய்த் திரும்பி, குளித்து, உண்டு முடித்த பிறகும் இவள் பாதி வழியில் ஏதேனும் ஒரு வேரைக் காலால் நெருடிக்கொண்டு நிற்பாள். யாராவது கேலி செய்தால், கேலி முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் குனிந்துகொள்வாள்.

தரையைப் பார்க்கும் இந்தப் பழக்கம் அவளுக்குத் தந்தை வழியில் வந்தது. அவர் வீடுகளுக்கு டைல்ஸ் போடுபவர். யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருமுன் தண்ணீர் எந்த மூலையில் தேங்கும் என்று ஒரு நோட்டம் விடுபவர். தாய் பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பறையில் வேலை பார்த்தாள். அங்கே மிஞ்சும் இலவசப் பல்துலக்கிகள் எல்லாம் வீட்டுக்கு வந்து, சைக்கிள் சங்கிலியைத் தேய்த்தே ஆயுளை முடித்துக்கொண்டன. மூன்றாம் மாடி வீடு அது. லிஃப்ட்டில் சைக்கிள் நுழையாது. ஆகவே பயிற்சி முடிந்ததும் மகள் அதைத் தோளில் சுமந்து படியேறி, நேரே குளியலறைக்குக் கொண்டுபோய்க் கழுவுவாள்.

"என்னங்க, நீங்க போட்ட தரையில தண்ணியே போக மாட்டேங்குது," என்பாள் தாய்.

"என் தரையைக் குறை சொல்லாதே. குழாயை அடைச்சுக்கிட்டிருக்கறது உன் பொண்ணு தோள்ல தூக்கிட்டு வந்த மலை," என்பார் தந்தை.

அவளுக்கு ஓர் அக்காள் உண்டு. செவிலியர் படிப்பில் கடைசி ஆண்டு. பந்தய நாள்களில் தந்தையின் வேனை ஓட்டிவருவதும், குறித்த இடத்தில் நின்று தண்ணீர்ப் புட்டியை நீட்டுவதும், விழுந்து வருபவளுக்குக் கட்டுப் போடுவதும், கட்டுப் போடும்போதே திட்டித் தீர்ப்பதும் அவள் பொறுப்பு.

அந்தப் பருவத்தில் ஐந்து பந்தயங்கள். முதலாவது மார்ச்சு மாதத்தில் நடந்தது. புதியவர்களைக் கடைசி வரிசையில் நிறுத்துவார்கள். பாதை குறுகியதும் முந்துவதற்கு இடமிராது. கடைசி வரிசையில் நின்றவள் ஏறத்தாழக் கடைசியாகவே வந்து சேர்ந்தாள். மற்றொருத்தியாக இருந்தால் வேனுக்குள் போய் ஒரு மூச்சு அழுதிருப்பாள். இவள் வந்து இறங்கியதும் கேட்டது வேறு.

"அக்கா, அந்த ஏத்தத்துல முன்னாடி போனவங்க எழுந்து நின்னு மிதிக்கறாங்க, ஆனா பின்சக்கரம் சறுக்கவே இல்ல. எனக்கு மட்டும் சறுக்குது. ஏன்?"

"தோத்துட்டு வந்தவ பேசற பேச்சாடி இது? முதல்ல தண்ணியைக் குடி!"

இரண்டாம் பந்தயம் மே மாதத்தில், பாறைகள் நிறைந்த சரிவில் நடந்தது. இத்தகைய பாதைகளில், கடினமான இடம் வந்தால் அமைப்பாளர்கள் இரண்டு வழிகளை விட்டுவைப்பார்கள். பாறைமீது நேரே இறங்குவது குறுக்குவழி. பாறையைச் சுற்றிக்கொண்டு வருவது சுற்றுவழி. அஞ்சாதவர் குறுக்கே போவார், அஞ்சுபவர் சுற்றிப் போவார் என்பது எழுதாத விதி. அன்று சுற்றுவழியின் வாயிலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, வெட்டுக்கிளி என்று எல்லாராலும் அழைக்கப்பட்ட நெட்டைப் பெண் சொன்னாள்:

"அந்தப் பக்கம் போனா நடுவுல டீ, பன்னு எல்லாம் குடுக்கறாங்களாம். எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா!"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பந்தயத்தில் குறுக்குவழியில் இறங்கினாள், மண்ணைக் கவ்வினாள். உவமையாகச் சொல்லவில்லை. அவளுடைய பல்லிடுக்கிலிருந்த மண்ணை அக்காள்தான் பஞ்சால் எடுத்தாள். மோவாயில் மருந்து எரிந்துகொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒரு கேள்வி பிறந்தது. குறுக்குவழி உண்மையிலேயே விரைவானதுதானா? எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், யாரேனும் பார்த்திருக்கிறார்களா?

மூன்றாம், நான்காம் பந்தயங்களில் அவள் இரண்டு வழிகளிலும் மாறி மாறிப் போய்ப் பார்த்தாள். வரிசையில் முன்னேறிக்கொண்டே வந்தாள். ஆயினும் விடை மட்டும் கிட்டவில்லை. ஒரு சுற்றில் விரைந்து இறங்கினால், அது வழியின் விரைவா, காலின் விரைவா, அந்த வேளையில் பிறந்த துணிவின் விரைவா என்று பிரித்தறிய முடியவில்லை.

ஐந்தாவது பந்தயத்துக்கு வந்தபோது நிலைமை இது: மொத்தப் புள்ளிகளில் முதல் இருவர் எட்டாத தொலைவில் இருந்தார்கள். மூன்றாம் இடத்தில் வெட்டுக்கிளி, ஒரே புள்ளி குறைவாக நான்காம் இடத்தில் நத்தை. முதல் மூவருக்கு மட்டுமே குளிர்காலத்தில் பெரியவர் அணியோடு பயிற்சி முகாம். அடுத்த ஆண்டு இளையோர் பிரிவின் வயது அவளுக்குக் கடந்துவிடும், வேறு வாய்ப்பில்லை. நாளை வெட்டுக்கிளிக்கு முன்னால் வந்தால் முகாம், பின்னால் வந்தால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அந்தச் சனிக்கிழமை மழையில் அவள் குனிந்து பார்த்தது, இந்தப் பாதையின் கடினமான இடமாகிய வழுக்குப்பாறையை. அதன் அடியில் ஒரு பெரிய மரம். இரண்டு வழிகளும் அங்கேதான் கூடின. சுற்றுவழி ஒரு சைக்கிளுக்கு மட்டுமே இடங்கொடுக்கும் மண்பாதை. எழுந்தாள், நேரே கூடாரத்துக்குப் போனாள்.

"வெட்டுக்கிளி, கொஞ்சம் வர்றியா? ஒரு விஷயம் பார்க்கணும்."

"இந்த மழையிலயா? என்ன விஷயம்?"

"நீ பாறையில இறங்கு, நான் சுத்தி வரேன். ஒண்ணா கிளம்புவோம். மரத்துக்கிட்ட யார் முதல்ல வராங்கன்னு பார்ப்போம்."

வெட்டுக்கிளி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுல ஏதாவது உள்குத்து இருக்கா?"

"இல்ல. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

இருவரும் மேலிருந்து ஒன்றாகக் கிளம்பினார்கள். பாறை சோப்புக் கட்டிபோல இருந்தது. வெட்டுக்கிளி பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வருமுன் நத்தை மரத்தடியில் நின்றாள்.

"நீ இன்னிக்கு வேகமா வந்துட்டே," என்றாள் வெட்டுக்கிளி.

"அதான் சந்தேகம். இப்போ ஆளை மாத்துவோம்."

மாற்றினார்கள். இம்முறை பாறையில் நத்தை. பாதியிலேயே சக்கரம் நழுவ, உட்கார்ந்தவாக்கில் கீழே வந்து சேர்ந்தாள். வெட்டுக்கிளி மரத்தில் சாய்ந்துகொண்டு கொட்டாவி விடுவதுபோல நடித்தாள். பிறகு, நடிப்பை மறந்து, பாறையை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடிப்பாவி! இத்தனை நாளா நாம குறுக்க போய்ப் போய் விழுந்தது எல்லாம் வீண்தானா?"

"காய்ஞ்சா வேற மாதிரி இருக்கலாம். மழையில சுத்துவழிதான்," என்றாள் நத்தை. அவள் முகத்தில் பரிசு வாங்கியவளின் மகிழ்ச்சி. சைக்கிளைக் கீழேயே விட்டுவிட்டுப் பாறையின் ஓரமாக ஏறிப் பார்த்தாள். அங்கே சரளை நிறைந்த ஒரு வெடிப்பு இருந்தது. கால் வழுக்கவில்லை. ஏறினாள், இறங்கினாள், மறுபடியும் ஏறினாள்.

செய்தியறிந்த அக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். "முட்டாளே! கண்டுபிடிச்சதை வாய்க்குள்ள வெச்சுக்கக் கூடாதா? யாரை முந்தணுமோ அவளையே கூப்பிட்டுக் காட்டியிருக்கியே!"

மறுநாளும் தூறல் விடவில்லை. பாதை சேறாயிற்று. எதிர்பார்த்தபடியே முதல் இருவரும் தொடக்கத்திலேயே கண்ணுக்கு மறைந்தார்கள். பாறைக்கு வந்தவர்களில் பலர் பழைய நம்பிக்கையில் குறுக்கே இறங்கி உருண்டார்கள். வெட்டுக்கிளியும் நத்தையும் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் சுற்றுவழியில் போய், ஒருத்தியை ஒருத்தி மாற்றி மாற்றி முந்திக்கொண்டு, மற்றவர்களை வெகுதொலைவில் விட்டுவிட்டார்கள்.

கடைசிச் சுற்றில் வெட்டுக்கிளி ஒரு சைக்கிள் தூரம் முன்னால் இருந்தாள். சுற்றுவழிக்குள் அவளே முதலில் நுழைந்தாள். அங்கே முந்த முடியாது. பாறையில் ஓட்டிக்கொண்டு இறங்கினால் என்ன ஆகும் என்பது நேற்றே தெரிந்துவிட்டது. நத்தை சைக்கிளிலிருந்து குதித்தாள். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, நேற்று ஏறி இறங்கிய சரளை வெடிப்பின் வழியே ஓடினாள். மூன்று மாடி சைக்கிளைச் சுமந்து பழகிய தோள் கைகொடுத்தது. இறங்கி ஓடுவதற்கு விதியில் தடையில்லை. பாதையின் எல்லை நாடாவுக்குள் இருந்தால் போதும்.

"ஓடு! ஓடுடி!" என்று கீழேயிருந்து அக்காள் தொண்டை கிழியக் கத்தினாள்.

மரத்தடிக்கு நத்தைதான் முதலில் வந்தாள். சைக்கிளை இறக்கி, ஏறி, பெடலில் காலை வைத்து அழுத்தினாள். பந்தய ஷூவின் அடியில் உள்ள சிறு கொக்கி பெடலில் மாட்டிக்கொண்டால்தான் முழு வலிமையோடு மிதிக்க முடியும். கொக்கி மாட்டவில்லை; ஓடிவந்த ஓட்டத்தில் அதனுள் சேறும் சரளையும் அடைத்துக்கொண்டிருந்தன. காலை உதறினாள், பெடலில் தட்டினாள், மறுபடியும் அழுத்தினாள். அதற்குள் வெட்டுக்கிளி வளைவிலிருந்து வெளிப்பட்டு அவளைக் கடந்துவிட்டாள். ஒரு வழியாகக் கொக்கி மாட்டியதும் நத்தை பல்லைக் கடித்துக்கொண்டு துரத்தினாள். இறுதிக் கோட்டை இருவரும் ஏறக்குறைய ஒன்றாகவே தொட்டார்கள். ஏறக்குறையதான். வெட்டுக்கிளியின் முன்சக்கரம் முழுதாக முன்னால் இருந்தது.

சேறு வடிய நின்ற வெட்டுக்கிளிக்கு மூச்சு வாங்கியது. "ஏய், பாறை மேல இருந்து நீ சைக்கிளோட பாய்ஞ்சு வந்ததைப் பார்த்து எனக்கு உயிரே போயிடுச்சு. அந்த வழியை நேத்து ஏன் சொல்லல?"

"நேத்து வெறுங்கையோடதான் நடந்தேன். சைக்கிளோட ஓட முடியுமான்னு எனக்கே தெரியாது."

வெட்டுக்கிளி அவள் தலைக்கவசத்தில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனாள்.

வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நத்தை அமர்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன, அழுது முடித்திருந்தாள். இப்போது ஒரு ஷூவை மடியில் கவிழ்த்து, தாயின் மருத்துவமனைப் பல்துலக்கியால் கொக்கிக்குள் இறுகியிருந்த சரளையை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, எந்த அளவுக் கல் சிக்குகிறது என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காள் துண்டை அவள் தோளில் போர்த்தினாள். வழக்கமாகத் திட்டுபவள் அன்று திட்டவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. நீ கூப்பிடலைன்னா அவ இன்னிக்குப் பாறையிலதான் இறங்கியிருப்பா. முகாம் உனக்குக் கிடைச்சிருக்கும். நேத்து அவளைக் கூப்பிட்டிருக்கவே கூடாதுன்னு உனக்குத் தோணலையா?"

நத்தை கல்லிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"தனியா பார்த்திருந்தா, எது வேகம்னு எனக்கும் தெரிஞ்சிருக்காதுக்கா."