மொரிட்ஸின் முதுகில் உருகாத பனி

அன்று சாகப்போவது குதிரைதான் என்று நான் நம்பினேன்.

அண்ணையின் ஓராண்டு நினைவுக்காகக் கூடியிருக்கும் உறவுகளே, இப்படித் தொடங்குவதற்காகத் திட்டாதீர்கள். அண்ணை இருந்தால் இதைத்தான் முதலில் எழுதச் சொல்லியிருப்பார். நான் எழுதி முடிக்குமுன் சிரித்துமிருப்பார்.

அண்ணை நெடுந்தீவில் பிறந்தவர். எங்கள் தீவின் குதிரைகள் எவருக்கும் வேலை செய்வதில்லை. வெட்டவெளியில் தம்பாட்டில் மேயும். போர் அண்ணையை ஜெர்மனிக்குத் துரத்தியது. அகதி முகாம், உணவகச் சமையலறை, கட்டட வேலை என்று அலைந்து, கடைசியில் சவர்லாண்ட் மலைக்காட்டில் வெட்டிய மரங்களைக் குதிரை பூட்டி இழுக்கும் வேலையில் அமர்ந்தார். "கடல் தாண்டி வந்தும் குதிரையளிட்டையே மாட்டுப்பட்டன்" என்பார். அந்த வேலையில்தான் அண்ணியையும் பிள்ளைகளையும் காப்பாற்றினார்.

கடுங்குளிர் நாட்களில், காலைத் தேநீர் குடிக்கும்போதே கடிவாளத்தின் இரும்பைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்குவார். உறைந்த இரும்பு, அவரோடு வேலை செய்த குதிரை மொரிட்ஸின் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்.

"கலியாணம் கட்டினதிலையிருந்து எனக்கு ஒரு கரண்டியாவது சூடாக்கித் தந்தியளோ?" என்று அண்ணி கேட்பார்.

"உம்மட வாய்க்குக் கடிவாளம் போட ஆராலை ஏலும்?"

கடந்த தையில் பிராங்பேர்ட்டிலிருந்து அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மைனஸ் இருபது. காலையில் மொரிட்ஸ் காட்டோரம் நின்றது. முதுகில் பனி வெள்ளையாக, உருகாமல் கிடந்தது. உடம்பில் சூடு இருந்தால் உருகாதா?

"அண்ணை, ஓடி வாங்கோ! மொரிட்ஸ் விறைச்சுப் போச்சு!" என்று கத்தியபடி என் ஜாக்கெட்டைக் கழற்றி அதன் முதுகில் போட்டேன். சிறிய லொறி அளவான அந்த உடம்பில் அது மூக்குத் துடைக்கும் கைலேஞ்சியைப் போலக் கிடந்தது.

"விசரா, பனி உருகேல்லை எண்டால் சூடு வெளியிலை போகேல்லை எண்டு அர்த்தம். அவன்ரை ரோமம் அவனுக்குக் காணும். ஜாக்கெட்டைப் போடு, நீதான் விறைக்கப்போறாய்."

மதியம், ஏற்றத்தில் ஒரு பெரிய மரத்தை இழுத்து முடித்ததும் அண்ணை அதன்மேல் உட்கார்ந்தார். நெஞ்சில் கை வைத்தார். "ஏதோ அமத்துது" என்றார்.

நான் அம்புலன்ஸுக்கு அழைத்தேன். என் பதற்றத்தின் அழகு, முதலில் பிராங்பேர்ட்டிலுள்ள என் வீட்டு விலாசத்தைச் சொன்னேன். உடன் மரம் வெட்டிய ஜெர்மன் நண்பர் கைபேசியைப் பறித்துக் காட்டுப் பாதையைச் சொன்னார். அண்ணைக்குச் சிரிப்பு.

"இனி என்னை விடு. மொரிட்ஸுக்குக் கழுத்துப் பட்டைக்குக் கீழை வேர்வை. அப்பிடியே நிண்டால் குளிர் ஏறிடும். வைக்கோலாலை நல்லாத் தேய், போர்வையைப் போடு, காயுமட்டும் மெல்ல நடத்து."

"நீங்கள், அண்ணை?"

"நான் ஈரமில்லைத்தானே."

என் ஜாக்கெட்டை அவருக்குப் போர்த்தினேன். இம்முறை அது அளவாக இருந்தது. பகிடி விடுகிற மனிதருக்கு என்ன ஆகப்போகிறது? ஈரக் குதிரைதான் ஆபத்தில் நிற்கிறது என்று நம்பித் தேய்த்தேன். அம்புலன்ஸ் வந்தது. "குதிரையைப் பார்" என்று கையை அசைத்தார். நண்பர் பின்னால் போனார். நான் மொரிட்ஸை நடத்தினேன்.

அண்ணையைத் தாங்கிப் பிடித்திருந்த அந்த நண்பருக்கும், பனிக்குள் வந்த அம்புலன்ஸ்காரருக்கும், ஹம்பேர்க்கிலிருந்தும் பான் நகரிலிருந்தும் சமைத்துக்கொண்டு வந்து அண்ணியோடு தங்கிய உங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தக் குளிர்காலத்தில், விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் நான் அங்கே போகிறேன். இரும்பைக் கக்கத்தில் வைத்ததும் நான் போடும் சத்தத்துக்கு அண்ணி கூடச் சிரிக்கிறார். மொரிட்ஸ் வாயைத் திறக்குமுன் என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்க்கிறது. நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

அன்று மொரிட்ஸ் நன்றாகக் காய்ந்துவிட்டது. அண்ணை வைத்தியசாலைக்குப் போகும் வழியில் இறந்தார்.